மூன்று துண்டு

உலகத்தின் எந்த மூலையில் ஒரு குழந்தைக்கு மூச்சு முட்டினாலும், அதன் தொண்டைக்குள் முதலில் இறங்கும் கருணையின் கரம் வல்லம் வடகாலில்தான் உருவாகிறது. தொழிற்சாலையின் வரவேற்பறைச் சுவரில், பெரியவர்கள் கைகுலுக்கும் புகைப்படங்களுக்கு மேலே, பித்தளை எழுத்துகளில் இப்படித்தான் பதித்திருக்கிறார்கள். கருணையின் கரம் என்பது ஒன்றரை அடி நீளமுள்ள பிளாஸ்டிக் குழாய். சளியை உறிஞ்சி எடுப்பதற்கானது. எந்த மூலை என்றால் ஜெர்மனி, பிரேசில், ஜப்பான் போன்ற மூலைகள். தொழிற்சாலையின் பின்சுவரை ஒட்டியிருக்கும் காலனி அந்தப் பட்டியலில் இல்லை.

கங்காவின் வீடு அந்தக் காலனியில்தான் இருந்தது. சுவரைத் தாண்டினால் வேலைக்கு இரண்டு நிமிடம். ஆனால் சுவரைத் தாண்ட முடியாது என்பதால், விடியுமுன் ரோட்டுக்கு நடந்து, சுங்குவார்சத்திரத்திலிருந்து வரும் கம்பெனி பஸ்ஸைப் பிடித்து, தொழிற்பேட்டையை ஒரு சுற்றுச் சுற்றி, ஐந்தேகாலுக்கு முன்வாசலில் இறங்குவாள். பொட்டை எடுத்து, வளையலைக் கழற்றி, மூக்குத்தியின் மேல் டேப் ஒட்டுவாள். வலைத்தொப்பி, மாஸ்க், கழுத்திலிருந்து கணுக்கால் வரை வெள்ளை அங்கி, காலுக்கு நீல உறை. எல்லாம் மாட்டி முடித்ததும் கண் மட்டும் மிஞ்சிய முப்பத்தாறு பெண்கள் உள்ளே நிற்பார்கள். ஒருத்தியை ஒருத்தி நடையை வைத்துத்தான் அடையாளம் கண்டுகொள்ள வேண்டும்.

ஷிஃப்ட் ஆறு மணிக்கு. அதற்கு முன்னால் அரைமணி நேரம் கத்தரிப்பு.

முந்தின ஷிஃப்டில் கழித்த குழாய்கள் மஞ்சள் தொட்டிகளில் வந்து நிற்கும். கழித்ததற்குக் காரணம் பெரும்பாலும் மேலுறையாகத்தான் இருக்கும்: அச்சு கோணியிருக்கும், தேதி மங்கியிருக்கும். உள்ளே இருக்கும் குழாய் ஒரு பாவமும் அறியாதது. ஆனாலும் அது வெளியே போய் யார் கையிலும் கிடைத்துவிடக் கூடாது. ஆகவே உறையைக் கிழித்து, குழாயை மூன்று துண்டாக வெட்ட வேண்டும். ஏன் மூன்று என்றால், இரண்டாக வெட்டினால் ஒட்டிவைத்துப் பயன்படுத்த யாருக்காவது யோசனை வரலாம் என்று நடைமுறைப் புத்தகத்தில் எழுதியிருந்தது. எழுதியவர் ஏழைகளை நன்றாக அறிந்தவர்.

ஏசிக் குளிரில் குழாய் விறைத்துக்கொள்ளும். கத்திரிக்கோலின் வளையம் கட்டைவிரலின் அடியில் ஏறி அமுக்கும். ஒவ்வொருத்திக்கும் அந்த இடத்தில் புளியங்கொட்டை அளவுக்குக் காய்த்திருந்தது. கங்கா இடதுகைக்காரி. கத்திரிக்கோல்களோ வலதுகைக்காரர்களுக்குச் செய்தவை. அதனால் அவள் வெட்டு மட்டும் எப்போதும் சாய்வாக விழும், சீவிய பென்சில் மாதிரி. சூபர்வைசர் முதலில் முறைத்தார். புத்தகத்தில் 'வெட்ட வேண்டும்' என்றுதான் இருக்கிறது, 'நேராக' என்று இல்லை என்பதால் விட்டுவிட்டார்.

அவள் மகள் இசைவாணிக்கு ஒன்பது வயது. பிறந்தபோது அழத் தாமதித்தவள். கழுத்து நிற்கவில்லை, பேச்சு வரவில்லை. பாட்டுக் கேட்டால் இடது காலை மட்டும் ஆட்டுவாள். சளியை இருமித் துப்ப அவளால் ஆகாது. அது தொண்டையில் ஏறி நின்றுகொண்டு கொர் கொர் என்று இழுக்கும். உறிஞ்சும் மெஷின் ஒன்றை, மூடிவிட்டுப் போன ஒரு நர்சிங் ஹோமிலிருந்து எப்படியோ வாங்கிவிட்டார்கள். மெஷின் இருந்தால் போதாது. தொண்டைக்குள் விட எட்டாம் நம்பர் குழாய் வேண்டும், நீலத் தலை வைத்தது. ஆஸ்பத்திரியில் கேட்டால் ஸ்டாக் இல்லை, அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார்கள். ஒரகடம் மருந்துக்கடையில் கேட்டால், யாரும் கேட்பதில்லை, அதனால் வைப்பதில்லை என்றார்கள். கேட்டுக்கொண்டு நிற்பவளிடமே அதைச் சொன்னார்கள்.

ஒருமுறை பயன்படுத்திவிட்டுத் தூக்கி எறியவும் என்று உறையில் ஒன்பது மொழிகளில் அச்சிட்டிருக்கும். அதை அச்சிடும் லைனில்தான் கங்காவுக்கு வேலை. காலையில் நானூறு நீலத் தலைகளை மூன்று துண்டாக வெட்டிவிட்டு வருவாள். சாயந்தரம் வீட்டில் ஒரே ஒரு குழாயைப் பன்னிரண்டாம் முறையாக வெந்நீரில் போட்டு எடுப்பாள்.

ஒன்றை ஒளித்து எடுத்து வரலாமே என்று தோன்றும். வெளியே போகும்போது கொண்டையை அவிழ்த்துக் காட்ட வேண்டும். இரண்டு வருடம் முன்பு ஒரு பெண்ணின் கொண்டையில் ஒரு குழாய் இருந்தது. அவள் இப்போது எங்கே வேலை செய்கிறாள் என்று யாருக்கும் தெரியாது.

வெட்டு மேசையில் கங்காவுக்கு எதிர் இடம் ஜாஸ்மினுடையது. ஜாஸ்மினின் மகன் விமல்ராஜுக்கும் இதே பாடுதான். ஆறு வயது. ஆடி மாதம் நெஞ்சில் சளி கட்டி, மூன்றாம் நாள் போய்விட்டான். எத்தனை நாளாக ஒரே குழாய் என்று டாக்டர் கேட்டார். பத்தொன்பது என்றாள். டாக்டர் எதையோ எழுதிக்கொண்டார். பத்து நாளைக்கு மேல் வராவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள் என்பதால், ஒன்பதாம் நாள் விடியலில் ஜாஸ்மின் வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள். அன்றைக்குப் பார்த்துத் தொட்டி முழுக்க நீலத் தலை. அவள் வெட்டினாள். முப்பத்தைந்து பேரும் தலையைத் தூக்காமல் வெட்டினார்கள்.

அதற்கு மறுநாள்தான் அந்தச் சத்தம் கேட்டது.

வெட்டு மேசைக்குப் பின்னால், சுவரோரமாக, காற்றை இழுக்கும் பைப் ஒன்று ஓடுகிறது. அதற்குள்ளிருந்து வந்தது. கொர்... கொர்ர். சின்னத் தொண்டையில் சளி நின்று இழுப்பது போல. மெக்கானிக் வந்து பைப்பில் ஈரம் இறங்கியிருக்கிறது என்று அரை மக் தண்ணீரை வடித்துவிட்டுப் போனான். மறுநாள் விடியலில் மறுபடியும் கேட்டது. அது தண்ணீர்ச் சத்தம் இல்லை என்று சத்தியம் செய்யக் கூடியவள் கங்கா. தினமும் வீட்டு வாசற்படியில் கால் வைத்ததும் அவளை வரவேற்பது அந்தச் சத்தம்தான்.

ஜாஸ்மின் மட்டும் திரும்பிப் பார்க்கவே மாட்டாள். சத்தம் தொடங்கியதும் கத்திரிக்கோலை அந்தரத்தில் நிறுத்திவிடுவாள். பிள்ளைக்கு மூச்சு திரும்பட்டும் என்று காத்திருக்கிற தாயைப் போல, அது அடங்குகிற வரை அப்படியே இருப்பாள். பிறகு வெட்டுவாள். நாலைந்து நாளில் மற்றவர்களும் நிறுத்தக் கற்றுக்கொண்டார்கள். விடியற்காலை ஐந்தே முக்காலுக்கு முப்பத்தாறு கத்திரிக்கோல்கள் வாய் திறந்தபடி நிற்கும்.

அப்புறம் கத்திரிக்கோல்கள் காணாமல் போயின. முதலில் ஏழாம் நம்பர், பிறகு பதினொன்று, பிறகு நான்கு. கேமராப் பதிவைப் போட்டுப் பார்த்தார்கள். வெள்ளை அங்கிகள் வந்தன, வெள்ளை அங்கிகள் போயின. சுத்தம் என்ற பெயரில் எல்லோரையும் ஒரே உருவமாக்கி வைத்ததில் இப்படி ஒரு சங்கடம் இருக்கும் என்று யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை.

தொழிற்சாலைத் தலைவர் கோதண்டராமன் அறிவியலில் அசைக்க முடியாத நம்பிக்கை கொண்டவர். தரவு இல்லாமல் பேசாதே என்பது அவர் வாக்கு. விமல்ராஜ் இறந்த மாதத்தில், லைன் லீடர் சாரதா அவரிடம் ஒரு மனு கொண்டுபோனாள். உறையில் மட்டும் கோளாறு உள்ள குழாய்களை வெட்டாமல், மறுபடி உறை போட்டுச் சுத்திகரித்து, இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமே என்பதுதான் மனு. அவர் இருபது நிமிடம் பேசினார். எழுத்து கோணினால் நம்பிக்கை கோணும் என்றார். பேய்க்கதை, அழுகைக்கதை வைத்துத் தொழில் நடத்த முடியாது என்றும் சொன்னார். அப்போது பேய் இன்னும் வந்திருக்கவில்லை.

வந்த பிறகு ஒருநாள் விடியலில் அவரே நேரில் வந்து, பைப்பின் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டார். வந்ததைவிட வேகமாகத் திரும்பிப் போனார். அந்த வெள்ளிக்கிழமையே பூஜை. சுத்த அறைக்குள் தூசி பறக்கக் கூடாது. ஆகவே பூசணிக்காயை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, இரண்டு பிளாஸ்டிக் கவருக்குள் வைத்துக் கட்டி, அப்படியே உடைத்தார்கள். தொப்பென்று ஒரு சத்தம், சிதறவில்லை. கற்பூரம் ஏற்றினால் அலாரம் அடித்துவிடும் என்று செல்போன் வெளிச்சத்தைக் காட்டினார்கள். எல்லோரும் அந்த வெளிச்சத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். மறுநாள் ஐந்தே முக்காலுக்குச் சத்தம் கேட்டது.

பூஜை செய்தவரையே மறுபடி கேட்டபோது, சின்ன ஆத்மா, அதற்கு என்ன வேண்டுமோ அதை வைத்துவிட்டால் அடங்கிவிடும் என்றார். அறிவியல் தலைவர் ஒரு முடிவுக்கு வந்தார். உயிரோடிருக்கும் பிள்ளைகளுக்கு மறுத்ததைச் செத்த பிள்ளைக்கு அனுமதித்தார்.

அந்தச் செய்தியோடு மனிதவளப் பிரிவின் ஸ்ரீதர் சாப்பாட்டு நேரத்தில் கங்காவைத் தேடி வந்தான். மோசமான ஆள் இல்லை. மேலே இருப்பவர்கள் சொல்வதைக் கீழே சொல்லும்போது கொஞ்சம் கூச்சப்படுவான்.

"அக்கா, நாளைக்கு அமாவாசை. கழிவு ரூம் வாசல்ல ஒரு பெட்டி வெப்பாங்க. நூறு பீஸு, நீலம். ஷிஃப்ட் முடிஞ்சி போவச்சொல்லோ நீ எட்த்துகினு போய்டு. செக்யூரிட்டி உன் கொண்டய அவுக்காது."

"எனக்கா குடுக்கறீங்க?"

"உனக்குன்னு இல்ல. உம் பொண்ணுக்கும் இதான் வேணும்னு தெரியும், அதான் உன்னாண்ட சொல்றேன். பேய் எட்த்துகினு போச்சின்னு நாங்க எழுதிப்போம். மாசாமாசம் வெப்பாங்க. நீ யாராண்டயும் சொல்லாத. சொன்னா நின்னுடும்."

கங்கா சாப்பாட்டு டப்பாவை மூடினாள். வீட்டில் இருந்த கடைசிக் குழாய் வெந்து வெந்து பழுத்துப்போய், நுனி சொரசொரவென்று இருந்தது. முந்தின நாள் அதை விட்டு எடுத்தபோது கொஞ்சம் ரத்தம் வந்தது. இசைவாணி அழவில்லை, அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜாஸ்மினின் பிள்ளை பெயரில் வைக்கிற படையலை எடுப்பதா என்று அன்று முழுக்க யோசித்தாள். மறுநாள் யோசிக்கவில்லை. இரண்டு மணிக்கு ஷிஃப்ட் முடிந்து எல்லோரும் அங்கி கழற்றப் போனதும், கழிவு அறையின் வாசலுக்குப் போனாள்.

பெட்டி இருந்தது. மேலே ஒரு எலுமிச்சம்பழம், கொஞ்சம் குங்குமம். பழத்தைக் கீழே வைத்துவிட்டு மூடியைத் திறந்தாள்.

நூறு குழாய்களும் இருந்தன. ஒவ்வொன்றும் மூன்று துண்டாக.

யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. நல்ல சரக்கை எடுத்தால் ஏற்றுமதிக் கணக்கில் இடிக்கும் என்று கழிவிலிருந்து எடுக்கச் சொல்லியிருந்தார்கள். கழிவு என்றால் விதிப்படி வெட்டியிருக்க வேண்டும். ஆவிக்கு முழுசாகத் தர வேண்டும் என்று விதியில் எங்கும் இல்லை.

கங்கா ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். வெட்டு சாய்வாக இருந்தது. இன்னொன்றை எடுத்தாள், அதுவும் சாய்வு. எல்லாம் அவள் கையால் வெட்டியவை. முழங்காலிட்டு உட்கார்ந்து, இரண்டு துண்டுகளை நுனியோடு நுனி வைத்துப் பார்த்தாள். கச்சிதமாகப் பொருந்தின. விரலை எடுத்ததும் பிரிந்து விழுந்தன. பின்னால் பைப்புக்குள் அந்தச் சத்தம் தொடங்கியது. பட்டப்பகலில் அதுவரை கேட்டதில்லை. அவள் கையை அந்தரத்தில் நிறுத்தி, அது அடங்குகிற வரை காத்திருந்தாள்.

பஸ்ஸில் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். யாருக்கும் தெரியாமல் எடுக்கப் போனதையும் சேர்த்துத்தான். அதைச் சொல்லும்போது ஜாஸ்மினைப் பார்க்கவில்லை. துண்டுகள் நான்கைந்து அவள் மடியில் கிடந்தன. ஸ்ரீதர் சொன்னபடியே செக்யூரிட்டி கொண்டையை அவிழ்க்கவில்லை.

சாரதாதான் முதலில் வாயைத் திறந்தாள். "பொணத்துக்கு வாய்க்கரிசி போட்டாகூட முழு அரிசியாதாண்டி போடுவாங்க."

ஜாஸ்மின் ஒரு துண்டை எடுத்து விரலுக்கிடையில் உருட்டினாள். அந்த மூன்று கத்திரிக்கோல்களையும் எடுத்தது தான்தான் என்று, ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள். கழிவுத் தொட்டியின் அடியில் போட்டு அனுப்பிவிட்டாளாம்.

"மூணு கத்திரி போனா மூணு பேரு வெட்ட மாட்டாங்க இல்ல. அவ்ளோதான் எனக்கு யோசன ஓடுச்சி."

"லூசாடி நீ? என்னாண்ட சொல்லியிருந்தா முப்பத்தாறும் போயிருக்குமே" என்றாள் சாரதா. பிறகு, தான் சொன்னதையே கொஞ்ச நேரம் யோசித்தாள். "போவக்கூட வாணாம். எடுக்காம இருந்தா போதும்."

அப்போ அந்தச் சத்தம் என்று பின் சீட்டிலிருந்து யாரோ கேட்டார்கள்.

"சத்தம் நான் இல்ல" என்றாள் ஜாஸ்மின்.

அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. ஓர் அச்சுப் பிழை உறையின் பின்பக்கத்தில், எந்தெந்த வீட்டில் இந்த மாதிரிப் பிள்ளைகள் என்று எழுதத் தொடங்கினார்கள். காலனியில் இருவர், ஏரிக்கரைத் தெருவில் ஒருவன். மாத்தூர்ப் பக்கம் ஒரு பெண் குழந்தை. மூன்று வருடமாகக் கங்காவின் பக்கத்தில் உட்கார்ந்து சீல் போடும் அன்னக்கிளி, தன் பையனைப் பற்றி அன்றைக்குத்தான் சொன்னாள். வேலை கிடைக்காது என்று யாரோ பயமுறுத்தியதில், பிள்ளையே இல்லை என்று சேரும்போது எழுதிக் கொடுத்திருந்தாளாம். பதினொரு பெயர் ஆயிற்று. விமல்ராஜின் பெயரை எழுதலாமா என்று சாரதா தயங்கினாள். வேண்டாம், இது இருக்கிற பிள்ளைகளுக்கு என்று ஜாஸ்மினே சொல்லிவிட்டாள்.

மறுநாள் விடியலில் முப்பத்து மூன்று கத்திரிக்கோல்களும் மேசைமேல் இருந்தன. முப்பத்தாறு பெண்களும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். ஆறு மணிக்கு லைனைப் போட்டார்கள். அச்சு ஓடியது, சீல் ஓடியது. மஞ்சள் தொட்டிகளை மட்டும் யாரும் தொடவில்லை. ஏழு மணிக்குக் கோதண்டராமன் வந்தார், பின்னால் ஸ்ரீதர்.

"என்னம்மா இது, ஸ்டிரைக்கா?"

"இல்ல சார்" என்றாள் சாரதா. "லைன் ஓடிகினுதான் கீது. கத்திரிதான் ஓடாது."

அவர் தரத்தைப் பற்றிப் பேசினார். உலகச் சந்தையைப் பற்றிப் பேசினார். ஒப்பந்தத் தொழிலாளர் என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது என்றார். இந்தக் குழாய் வெளியே போய் ஒரு குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு என்று கேட்டார். கேட்டதும் பைப்புக்குள் கொர்ரென்றது. அவர் ஓர் அடி பின்னால் நகர்ந்தார். எப்போதும் போல முப்பத்தாறு பேரும் அது அடங்கக் காத்திருந்தார்கள். அவரும் காத்திருக்க வேண்டியதாயிற்று.

"ஆயிடுச்சி சார்" என்றாள் ஜாஸ்மின். "குழாய் போயி ஆவல. குழாய் இல்லாம ஆச்சி. அதுக்கு யாரு பொறுப்புன்னு இதுவரிக்கும் யாருமே கேக்கல."

"அதுக்குத்தானேம்மா அமாவாசைக்கு வெச்சோம்" என்று சொல்லிவிட்டார் கோதண்டராமன். சொன்ன பிறகுதான் ஸ்ரீதர் இருமினான்.

கங்கா முன்னால் வந்தாள்.

"நான்தான் சார் பெட்டிய தொறந்தேன். திருட்டுத்தனமாத்தான் தொறந்தேன். உள்ள இருந்தத வெட்டனதும் நான்தான், வெட்டு சாஞ்சிருக்கறதப் பாத்தாலே தெரியும். எம் பொண்ணு பேய் இல்ல சார். பின்னாடி சொவத்துக்கு அந்தாண்ட வூட்டுல கீறா. ஒம்போது வயசு." பட்டியல் எழுதிய உறையை நீட்டினாள். "பதினோரு பேரு. பேய் கணக்குல எங்களுக்கு வாணாம். பேர் போட்டு குடுங்க. கையெழுத்து போட்டு வாங்கிக்கறோம்."

அவர் உறையை வாங்கவில்லை. ஸ்ரீதர் வாங்கிக்கொண்டான், வாங்கிய பிறகு அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தான்.

அன்றைக்கு எதுவும் முடிவாகவில்லை. தலைமை அலுவலகத்தைக் கேட்க வேண்டும் என்றார்கள். தலைமை அலுவலகம் புகைப்படம் கேட்டது. வேலையைவிட்டு நிறுத்தும் கடிதங்கள் தயாராகின்றன என்று பத்து மணிக்குப் பேச்சு வந்தது. ஜாஸ்மினின் கணவன் சாம்சன் அங்கேதான் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். தொட்டிகளைப் பின்கட்டுக்குக் கொண்டுபோய் ஆண்களை வைத்து வெட்டலாம் என்று யாரோ யோசனை சொன்னபோது, வண்டியை நிறுத்தி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டான். மற்ற டிரைவர்களும் டீக்குப் போனார்கள். இரண்டு மணிக்கு வந்த அடுத்த ஷிஃப்ட் பெண்கள், முதல் ஷிஃப்டில் என்ன நடந்தது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, கத்திரிக்கோல்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு லைனுக்குப் போனார்கள்.

ஒன்பது தொட்டிகள் நிரம்பி நின்றன. குழாய்கள் முழுசாக, ஒன்றரை அடி நீளத்துக்கு, ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. இத்தனை நீலத் தலைகளை வெட்டாமல் ஒரே இடத்தில் அவர்கள் யாரும் பார்த்ததில்லை. ஒன்றுகூட இன்னும் சுவரைத் தாண்டவில்லை. கங்கா அன்று சாயந்தரமும் அந்த சொரசொரத்த குழாயைத்தான் வெந்நீரில் போட வேண்டும். அவளுக்கு அது தெரியும். ஆனாலும் ஷிஃப்ட் முடிந்து முப்பத்தாறு பேரில் யாரும் பஸ் ஏறவில்லை. அவளைத் தனியாக விட்டுவிட்டுப் போனால் கடிதத்தை அவள் கையில் மட்டும் கொடுத்துவிடுவார்கள் என்று, அங்கியைக் கழற்றிவிட்டு, கண்ணாடிச் சுவருக்கு வெளியே வரிசையாக உட்கார்ந்தார்கள். பஸ் கொஞ்ச நேரம் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுக் காலியாகப் போனது.

அடுத்த நாள் தணிக்கைக்கு வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வருவதாக இருந்தது. வெட்டாத கழிவு ஒன்பது தொட்டி நிற்பதை அவர்கள் பார்க்கக் கூடாது. எனவே மூன்று மணிக்குக் கோதண்டராமன், இதிலென்ன பெரிய வேலை இருக்கிறது என்று காட்டிவிடத் தீர்மானித்து, அங்கி மாட்டிக்கொண்டு, கங்காவின் ஸ்டூலில் உட்கார்ந்தார். எதிரே, ஜாஸ்மினின் இடத்தில் ஸ்ரீதர். கண்ணாடிக்கு வெளியே முப்பத்தாறு பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒருத்தியும் சிரிக்கவில்லை. ஸ்ரீதர் ஒரு குழாயைக் கையில் எடுத்தான், வெட்டவில்லை, வைத்துவிட்டான். கோதண்டராமன் முதல் குழாயை மூன்றாக வெட்டினார். பத்தாவதில் கையை உதறினார். இருபதாவதில் வளையத்துக்குள் விரலை மாற்றிப் பிடித்தார். இருபத்து நான்காவதில் பைப் கொர்ரென்றபோது அவர் நிறுத்தவில்லை, விரலை வெட்டிக்கொண்டார்.

ஸ்ரீதர் ஓடிப்போய் சுவரில் இருந்த முதலுதவிப் பெட்டியைத் திறந்தான். அதில் பிளாஸ்திரி இல்லை.